ரெண்டு பல்லு வண்டி

உட்காருங்கக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம் காட்டும். இந்தப் பாயிலேயே உட்காருங்க. நான் எழுந்து நிற்கவில்லையென்று தப்பாக நினைச்சுக்காதீங்க, மடி நிறையப் பனியன் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் இந்த மூட்டையை முடித்துக் கட்டி வைக்க வேண்டும். பிசிறு வெட்டுகிற வேலைங்க. தைத்து வந்த துணியில் கழுத்தோரம், கையோரம் நூல் தொங்குமில்லையா, அதை ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டணும். இதெல்லாம் பிறந்த குழந்தைக்குப் போடுகிற அளவு. எந்த ஊர்க் குழந்தைக்கோ. கத்தரி உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னதுதான், ஆனால் கொஞ்சம் தவறினாலும் துணியில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. எனக்கும் அதுதான் சௌகரியம். கை ஓடினால்தான் எனக்கு வாய் ஓடும்.

சிவன்மலை அடிவாரம் வரைக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோமென்றுதானே உங்கள் வீட்டுக்காரர் சொன்னார்? வந்துவிடுவாங்க. அவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் வீட்டுக்காரர் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். "வண்டியப் பத்தி நீ ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டா, அவரு வந்து சொல்லுவாருன்னு சொல்லிப்போடு." எனக்கென்னங்க தெரியும் வண்டியைப் பற்றி? அஞ்சாவதோடு நின்றவள் நான். ஆம்பளைகள் இரண்டு பேர் நின்றால் எனக்கு வாயே வராது. அதனால் வண்டியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வேறு எதையாவது பேசலாம்.

மோர் தரலாமென்றால் வீட்டில் மோர் இல்லைங்கக்கா. முன்னே இருந்தது. எங்கம்மா வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த எருமையின் கன்று, இங்கேதான் வளர்ந்தது. அந்தச் சிமெண்ட் போட்ட இடம் தெரிகிறதா, வண்டி நின்ற இடம், அங்கேதான் கட்டியிருந்தோம். வேளைக்கு நாலு லிட்டர் கறக்கும். நான் கை வைத்தால்தான் சுரப்பு விடும், மற்றவர்கள் தொட்டால் காலைத் தூக்கும். அதை விற்றுத்தான் இது வந்தது. சரி, அதை விடுங்க.

உள்ளே தூங்குகிறவள் என் மகள், தர்ஷிகா. ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. பார்த்தால் நாலு வயசு மாதிரி இருப்பாள். உடம்பில் ரத்தம் நிலைக்காத வியாதி. பெயர் என் வாயில் நுழையாது, சீட்டில் எழுதியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றின மறுநாள் பாருங்க, வாசலில் நிற்க மாட்டாள், தெரு முழுக்க அவள் சத்தம்தான். இரண்டு வாரம் அப்படி. மூன்றாவது வாரம் உதடு வெளுக்கும். பள்ளிக்கூடத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்புறம் படுத்துக்கொள்வாள். அப்படியே நாள் எண்ணிக்கொண்டே போகிறதுங்க எங்கள் பிழைப்பு.

அந்த நாளில் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேரணும். இவளுக்கென்று பொருத்தம் பார்த்து எடுத்து வைத்த பையை, நாம் வரவில்லையென்றால் காத்திருக்கிற வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அங்கே வராண்டா முழுக்கப் பிள்ளைகள் இவளைப் போலத்தான் வெளுத்து உட்கார்ந்திருக்கும்.

இவர் தேங்காய் லோடு அடிக்கிற டெம்போ வைத்திருக்கிறார். மூன்று வருஷமாக அதில்தான் போய்க்கொண்டிருந்தோம். போன ஆடி மாதம் இவளுக்கு ரத்தம் ஏற்றுகிற நாளன்றைக்கே அது கிளட்ச் போய் நின்றுவிட்டது. அன்றைக்கு யாரோ காரில் ஏற்றிக்கொண்டு போனதால் தப்பித்தோம். அதற்கப்புறம்தான், "ஒரு மாத்து வண்டி இருக்கோணும். டெம்போ படுத்துக்கிட்டாலும் பாப்பா நிக்கக்கூடாது" என்றார். நல்ல மனசுங்க அவருக்கு. அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

பெட்ரோல் வண்டியென்றால் மூன்று வாரத்துக்கொரு தடவை ஓட்டினாலும் பெட்ரோல் செலவு, சர்வீஸ் செலவு. கரண்டு வண்டியென்றால் ராத்திரி சொருகினால் போதும், நூறு யூனிட் சும்மாவே வருகிறது, பாதியை வண்டி குடித்துக்கொள்ளட்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். புதுசு நமக்கு எட்டாது. பழசு பார்க்கலாமென்று சென்னியப்பன் மாமாவிடம் போனார்.

சென்னியப்பன் மாமா எங்கள் மாமனாரின் கூட்டாளி. இரண்டு பேரும் மாட்டுத் தரகர்கள். கண்ணபுரம் சந்தையில் இவர்கள் கை வைத்துச் சொன்ன காளையை யாரும் மறுபடி பல் பிடித்துப் பார்க்க மாட்டார்களாம். அப்படிப் பெயர். மாட்டு வியாபாரம் குறைந்த பிறகு மாமா பழைய வண்டித் தரகுக்கு வந்துவிட்டார். ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை. டயரைத் தட்டினால் குளம்பைத் தட்டுகிற மாதிரியே தட்டுவார்.

முதலில் பல்லடத்தில் ஒரு வண்டி. டெம்போவிலேயே போனோம். நான், இவர், மாமா, இவருடைய டீசல் மெக்கானிக் சுப்பு. பாப்பா என் மடியில். அந்த வண்டிக்காரர் பெயர் இருதயராஜ். கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவர். ஆத்தாடி, வண்டியைப் பார்த்தால் பாவமாக இருந்ததுங்க. சீட்டு கிழிந்து பஞ்சு தெரிந்தது. கதவோரம் பூரா உரசல். மாமா எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "எவ்வளவு ஓடியிருக்குது?" என்றார்.

"தொண்ணூத்தி ஆறாயிரம்," என்றார் அவர். மறைக்கவே இல்லை.

மாமா இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கடை சேந்த மாடு, தனபாலு. பல்லு பூரா முளைச்சு தேஞ்சும் போச்சு. ஏரு, வண்டி, செக்கு எல்லாம் பாத்துட்டுது. இதை ஓட்டிட்டுப் போனா சந்தையில நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்க."

"ஒருக்காச் சொருகுனா இன்னும் நூத்தி அறுபது கிலோமீட்டர் போகுங்க," என்றார் இருதயராஜ். "சந்தேகம் இருந்தா இப்பவே கோயம்புத்தூர் போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

சுப்பு பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே அவருக்குத் தெரிந்த சாமான் ஒன்றுமில்லை. "ஆயில் எங்கங்க ஊத்தறது?" என்று கேட்டார். ஊற்ற வேண்டியதே இல்லையென்று சொன்னதும் ஆரனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆரன் நல்லாருக்குது" என்றார்.

ஆம்பளைகள் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். நான் பாப்பாவுக்குத் தண்ணி கொடுக்க வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். அந்த இருதயராஜ் வந்து, "பாப்பாவுக்கு என்னம்மா, முகம் வெளுத்திருக்குது?" என்று கேட்டார். எனக்கு வெட்கம். கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் வண்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் ஒரு நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு நாளும் எவ்வளவு சொருகினேன், எவ்வளவு ஓடினேன் என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு எண் படிக்க வரும்.

"தங்கச்சி, எந்த வண்டி எடுத்தாலும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. இது பேட்டரி வண்டி. ஓடுனாத்தான் நல்லாருக்கும். மாசக்கணக்குல நிறுத்தி வச்ச வண்டியை மட்டும் எடுத்துராதீங்க. பாக்கப் புதுசா இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

எனக்கு அப்படியே புரிந்ததுங்கக்கா. எருமையைக் கறக்காமல் நாலு வேளை விட்டுப் பாருங்க. மடி கட்டி, அப்புறம் வற்றிப் போகும். மறுபடி எத்தனை பருத்திக்கொட்டை வைத்தாலும் பழைய பால் வராது. காளையென்றால் வேலை வாங்காமல் வைத்திருந்தது நல்ல காளை. எருமை அப்படியில்லை. இது காளை இனமில்லை, எருமை இனம் என்று எனக்குப் பட்டது. பைத்தியக்காரப் பேச்சு. வண்டிக்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம்?

சொல்லணுமென்றுதான் நினைத்தேன். திரும்பும்போது டெம்போவில் எனக்கும் அவருக்கும் நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். மாமனார் வயசு ஆளைத் தாண்டி எப்படிப் பேசுவது? வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "ஏனுங்க, அந்த அண்ணன் ஒண்ணு சொன்னாருங்க," என்று ஆரம்பித்தேன். "எந்த அண்ணன்?" என்றார். "வண்டிக்காரருங்க." "அவன் வண்டிய விக்கறதுக்கு என்ன வேணாலும் சொல்லுவான். நீ ரசம் ஊத்து." ஊற்றினேன். அவ்வளவுதான் நான் பேசினது. அவர் மேலே தப்பில்லைங்க. நான்தான் அழுத்திச் சொல்லவில்லை.

அப்புறம் தாராபுரத்தில் இந்த வண்டி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை தன் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததாம். அந்தப் பெரியவர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, கண் தெரியவில்லையென்று நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாக ஷெட்டில், மேலே துணி போர்த்தி. காவல்காரர் துணியை இழுத்தார் பாருங்க, புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. சீட்டில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நீங்களும் பார்த்தீர்களே, இப்போதும் பிரிக்கவில்லை. பிரித்தால் விலை போய்விடுமென்று அவர் சொல்லிவிட்டார்.

மாமா குனிந்து மீட்டரைப் பார்த்தார். பதினோராயிரத்துச் சொச்சம்.

"ரெண்டு பல்லு!" என்று கத்தியேவிட்டார். வேலைக்கே பழகாத இளங்காளையைத்தான் அப்படிச் சொல்வார்கள். "தனபாலு, ரெண்டே பல்லுடா! நுகத்தடியே படாத கழுத்து. உங்கப்பன் இருந்தா இந்நேரம் கயித்த மாத்தி ஓட்டிட்டுப் போயிருப்பான்."

இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கணும். கல்யாணத்தன்று கூட அப்படி நான் பார்த்ததில்லை. அவர் அப்பா பெயரைச் சொன்னால் இவர் வேறு ஆள். சின்ன வயசில் சந்தைக்குக் கூடவே போனவர். ஆனால் ஒரு மாடுகூடத் தானாகப் பார்த்து வாங்கினதில்லை. இதுதான் முதல்.

வண்டி உடனே கிளம்பவில்லை. காவல்காரர், "ரொம்ப நாள் தூங்கிட்டுது, எழுப்போணும்" என்று வேறு ஒரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தார். மீட்டர் வெளிச்சம் வந்தது. நூறு என்று காட்டியது. "ரெண்டு நாளா சொருகியே வச்சிருக்குதுங்க" என்றார். சுப்பு ஆரனை அழுத்தினார். மாமா துண்டை எடுத்துக் கையில் போட்டார். காவல்காரர் கைப்பேசியில் அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டே துண்டுக்குள் கை விட்டார். அவருக்கும் அது பழக்கம்போல. விரல் பிடித்தார்கள், விட்டார்கள், தலையாட்டினார்கள். மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரியே. எவ்வளவுக்கு முடிந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எருமை போனது தெரியும், என் காதில் கிடந்தது போனது தெரியும்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தார். "ஏனுங்க" என்று கூப்பிட்டால் திரும்பியிருப்பார். பாப்பா என் சேலையைப் பிடித்து, "அம்மா, இது நம்ம காரா?" என்று கேட்டாள். "ஆமாங் கண்ணு" என்றேன். அதுதான் அன்றைக்கு நான் பேசின பேச்சு.

அங்கேயிருந்து இங்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். வரும்போது நூறிலிருந்து முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. இவர், "புதுசா ரோட்டுக்கு வந்த காளையும் இப்படித்தான் இளைக்கும், பழகிக்கும்" என்றார். நானும் பழகிக்கொள்ளுமென்றுதான் நினைத்தேன்.

பழகவில்லை. ராத்திரி பூராச் சொருகினால் காலையில் நூறு காட்டும். சந்தைப்பேட்டைக்குப் போய் வந்தால் எண்பதுக்கு வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக் காளியம்மா இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பயந்தே நான் வாசல் தெளிக்க விடியுமுன் எழுந்திருப்பேன். "ஏனம்மணி, எருமைய வித்துப்போட்டு இதைக் கட்டிப் போட்டிருக்கறயே, இதுவும் ராத்திரியெல்லாம் தீவனந்தான் திங்குது. வேளைக்கு எத்தனை லிட்டரு?" என்று கேட்டாள். தண்ணிக் குழாயில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? கரண்டு பில் வந்தபோது இவர் அதை எனக்குக் காட்டவில்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? வண்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லைங்கக்கா. பாப்பாவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம். டெம்போவை எஃப்.சி.க்கு விட்டிருந்தோம். எந்த நாள் சொல்லுவார்கள், எப்போது திருப்பித் தருவார்களென்பது நம் கையில் இல்லையே. இவள் நாள் வந்துவிட்டது. "அதுக்குத்தான மாத்து வண்டி" என்று இவர் எழுந்து குளித்து, திருநீறு பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஏ.சி. போடவில்லை, பாட்டுப் போடவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகத்தான் போனோம். பிளாஸ்டிக் உறையில் பாப்பா வழுக்கி வழுக்கி விழுந்தாள். அவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். எண் படிக்க வரும் என்றேனே. எழுபது. அறுபத்தொன்று. பல்லடம் தாண்டினபோது முப்பத்திநாலு. அப்புறம் எண் எண்ணாகக் குறையவில்லைங்க, படியில் கால் தவறினவன் மாதிரி முப்பதிலிருந்து ஒரே குதியில் ஒன்பதுக்கு வந்தது. மீட்டரில் ஒரு ஆமைப் படம் வந்தது. பாப்பா அதைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, ஆமை! அப்பா, ஆமை!" வண்டி நடக்கிற ஆள் வேகத்துக்கு வந்தது. சூலூருக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் நின்றுவிட்டது. எட்டு மணிகூட ஆகவில்லை.

டீக்கடைக்காரர் நல்லவர். உள்ளேயிருந்து ஒயர் இழுத்துச் சொருகிக்கொள்ளச் சொன்னார். "எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கேட்டார். "ஒரு மணி நேரம்" என்றார் இவர். ஒரு மணி நேரத்தில் ஏழு ஏறியது. இன்னொரு மணி நேரம். இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமாவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. நான் பெஞ்சில் பாப்பாவை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உதடு சுண்ணாம்பு மாதிரி. "அம்மா, ஆமை போயிருச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

பஸ்ஸுங்களா? போய்க்கொண்டேதான் இருந்தது. அந்த ரோட்டில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்று. எல்லாம் காந்திபுரம் பஸ்ஸுதான். கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கைகூட ஆட்டினார், வருகிறீர்களா என்று. நாங்கள்தான் வண்டியில் போகிறோமே என்று நான் தலையாட்டிவிட்டேன்.

ஏனுங்கக்கா, அப்படிப் பார்க்கறீங்க?

அவர் அங்கே வேர்த்து ஊற்றி நிற்கிறார். அந்த நேரத்தில், நாங்கள் பஸ்ஸில் போகிறோம், நீங்கள் வண்டியைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? வண்டி பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அவர் அப்பா பேர்பெற்ற ஆள். அவராகச் சொல்லுவாரென்று இருந்தேன். அவரும் சொல்லவில்லை. ஒருவேளை அவர், நானாகக் கேட்பேன் என்று இருந்தாரோ என்னவோ. அது எனக்குத் தெரியாது. இன்றுவரை நாங்கள் அதைப் பேசவில்லை.

மத்தியானம் வரைக்கும் சொருகி, அந்த வண்டியிலேயே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. சிஸ்டர் நோட்டைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "எங்கம்மா போயிட்ட? பன்னெண்டரை வரைக்கும் வச்சிருந்தோம். சேலத்துல இருந்து ஒரு பையன் வந்திருந்தான், அவனுக்குக் குடுத்துட்டாங்க." எனக்கு அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லைங்க. அவனுடைய அம்மா பஸ்ஸில்தான் வந்திருப்பாள்.

அஞ்சு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த அஞ்சு நாளை என்னிடம் கேட்காதீங்க. கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, ரத்த அளவு ஒன்பதுக்குமேல் இருக்க வேண்டியது நாலரைதான் இருக்கிறது, இதயம் களைத்துவிடும், இன்னொரு தடவை இப்படி விட்டால் நான் பொறுப்பில்லை என்றார். இங்கிலீஷில் இன்னும் என்னென்னவோ இவரிடம் சொன்னார். இவர் அதை எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் ரத்தம் ஏற்றினாலும் தெருவுக்குப் போவதில்லை. இப்போது தூங்குகிறாளே, பள்ளிக்கூடம் லீவில்லைங்க இன்றைக்கு. திங்கட்கிழமை மறுபடி அவள் நாள்.

கம்பெனிக்காரர்களிடமும் போனாருங்க. ஓட்டாமல் வைத்திருந்த வண்டிக்கு வாரண்டி கிடையாது, புதுப் பேட்டரி போடலாம் என்றார்களாம். அந்த விலைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாமாம். சென்னியப்பன் மாமா வந்து பார்த்துவிட்டு, "கெட்ட சுழி இருந்ததப் பாக்காம விட்டுட்டேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் இதைத் தள்ளிவிட்டு ஒரு பழைய பெட்ரோல் வேன், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் எடுக்க... அதுவும் எத்தனை நாளைக்கோ. டெம்போவுக்கு மறுபடி சத்தம் வருகிறது. எருமை இனி வாங்க முடியாது. ஆனால் இந்த வண்டி போனால் ஏதோ ஒன்று வரும். போகவில்லையென்றால் ஒன்றுமே வராது. அது எனக்கே தெரிகிறது.

நீங்கள் எதுக்குங்க வாங்கறீங்க? சென்னிமலையில் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கடை கண்ணிக்குப் போய்வரத்தானே? அதற்கு இது ராஜா மாதிரி போகும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். கோவிலுக்குப் போகலாம். நீங்கள் வந்தபோது உங்கள் சேலையையும் செருப்பையும் பார்த்து அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் ஏற்கனவே ஒரு வண்டி இருக்கும், இது சும்மா இன்னொன்று என்று.

ஈரோட்டுக்கா?

யாருங்க... உங்கப்பாவா?

கிட்னிக்கா? வாரத்துக்கு இரண்டு தடவையா?

ஓ.

இல்லைங்க, ஒன்றுமில்லை. கத்தரி நழுவிவிட்டது. விரலில் பட்டது, பெரிதாக இல்லை. துணியில் படாமல் இருந்தால் சரி. இதோ, இந்த ஒன்றைத் தனியாக வைத்துவிடுகிறேன்.

சென்னிமலையிலிருந்து ஈரோடு முப்பது இருக்குமாங்க? போக முப்பது, வர முப்பது. போகும்போது ஒன்றும் ஆகாதுங்கக்கா. போய்விடும். போகும்போதுதான் உங்கப்பாவும் கொஞ்சம் தெம்பாக இருப்பார். ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முடித்துத் திரும்பும்போதுதான் அவர்களுக்கு ரொம்பத் தளர்ந்துவிடும், இல்லைங்களா? எங்கள் வார்டுக்கு எதிர்ப்பக்கம்தான் அந்தப் பிரிவு. பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் தாங்கித்தான் கொண்டுவருவார்கள். வண்டியில் ஏற்றினதும் தலை சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் நடு ரோட்டில்...

நான் என்னத்தைப் பேசிக்கொண்டிருந்தேன் இவ்வளவு நேரம்?

அக்கா, நான் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையென்றுதானே நினைத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேனா? நீங்களாவது என்னை நிறுத்தியிருக்கக் கூடாதா? தலையாட்டிக்கொண்டே கேட்டீங்களே. அவருக்குத் தெரிந்தால் என்னை அடிக்க மாட்டார், அப்படிப்பட்டவர் இல்லை. பேசாமல் இருப்பார். அதுதான் தாங்க முடியாது.

நீங்கள் வேண்டாமென்று எழுந்து போய்விடலாம். போகத்தான் வேண்டும். ஆனால் போனால் திங்கட்கிழமைக்கு எனக்கு டெம்போதான். அதுவும் வழியில் படுத்தால்? நீங்கள் பஸ் என்று சொல்வீங்க. ஆமாம். பஸ். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானாகப் பஸ்ஸில் ஏறி... மூன்று பஸ் மாறணும். நான் தனியாகக் கோயம்புத்தூர் போனதே இல்லைங்க. எந்தப் பஸ் என்று யாரைக் கேட்பது? கேட்பதற்குள் அது போய்விடும்.

நீங்கள் எதற்கு அழறீங்க? நான்தானே அழணும். எனக்கு வரவில்லை. உங்கப்பாவுக்கு எத்தனை வயசு? பல்லடத்தில் அந்த இருதயராஜ் வண்டி இன்னும் இருக்குமோ என்னவோ. போய்க் கேட்டுப் பாருங்க. நோட்டுக்கூட வைத்திருப்பார். ஆனால் அப்போது இது...

வந்துட்டாங்க. சத்தமே இல்லாமல் வருவதுதான் இதில் தொல்லை, வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். சிரிப்புச் சத்தம் கேட்கிறதே. உங்கள் வீட்டுக்காரரா சிரிப்பது? மீட்டர் என்ன காட்டுகிறதென்று பார்த்தாரா அவர், பார்க்கச் சொல்லியிருந்தீங்களா? அக்கா, கையை விடாதீங்க. நான் சொல்வதைக் கேளுங்க. எழுபது ஓடும், எண்பது ஓடும் என்று அவர் சொல்லுவார். அப்படி அவர் சொன்னால், நீங்கள் உடனே...

"நாகமணி! பீரோவுல இருந்து ஆர்.சி. புக்க எடுத்துட்டு வா சீக்கிரம். இவங்களுக்குப் புடிச்சுப்போச்சு, அட்வான்ஸ் குடுக்கறாங்க!"

இதோ எடுத்துட்டு வர்றேனுங்க... அக்கா, நீங்கள் முதலில் வெளியே போய் உங்கள் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் சொன்னதாகச் சொன்னாலும் பரவாயில்லை, இந்த வண்டி நாற்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேலே...